நாலு பொட்டு வைத்த டி-ஷர்ட்

பானுப்ரியாவுக்கு இந்தப் பூமியின் மேல் இருந்த அக்கறை பூமிக்கே தெரியாது. இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் தெரியும். கண்டபடி துணி வாங்கிக் குவிப்பதால் ஆறு கெடுகிறது, குளம் கெடுகிறது, பிள்ளைகளின் எதிர்காலம் கெடுகிறது என்று வாரம் ஒரு ரீல் போடுவாள். ஒவ்வொரு ரீலுக்கும் ஒரு புதுச் சுடிதார். "எம் பையனுக்கு நான் கடையில துணியே எடுக்கிறதில்லங்க, எங்க மதினி பழைய டி-ஷர்ட்டுல தச்சுக் குடுக்கிறதுதான்" என்று மகனைத் தூக்கிக் காட்டிய ரீலைத் திண்டுக்கல்லில் பாதிப் பேராவது பார்த்திருப்பார்கள்.

அந்த மதினிதான் ஜீவிதா. நாகல் நகரில், போன வருடம் பால் காய்ச்சிய சின்ன வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பெரியவர்கள் போட்டு முடித்த டி-ஷர்ட்டுகளைப் பிரித்துச் சிறுபிள்ளைகளுக்குத் தைப்பது அவள் தொழில். ஊரில் டி-ஷர்ட்டுக்கா பஞ்சம்? மொபைல் கடை திறந்தால் டி-ஷர்ட், உடல்நலத்துக்காக ஒரு நாள் ஓடினால் டி-ஷர்ட், கல்லூரி விழாவுக்கு டி-ஷர்ட், கோயில் கும்பாபிஷேகத்துக்கு டி-ஷர்ட். ஓடினவர்கள் மறுநாள் முதல் ஓடுவதில்லை, ஆகையால் துணி புதிது போலவே கிடைத்தது.

வேலையில் அவளுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. பனியன் துணியின் ஓரத்தை வீட்டு மெஷினில் மடித்து அடித்தால் அப்பளம் பொரித்ததுபோல் நெளிந்து நிற்கும். அதனால் பெரிய சட்டையின் அடிமடிப்பைத் தொடவே மாட்டாள். பிள்ளையின் அளவு அட்டையை அந்த மடிப்போடு ஒட்டி வைத்து, மேலே மட்டும் வெட்டுவாள். கம்பெனி போட்ட மடிப்பே பிள்ளைச் சட்டைக்கும் மடிப்பாகிவிடும். கைக்கும் அப்படித்தான். அவள் தைத்ததைக் கடைச் சரக்கு என்று ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

பானுப்ரியாவின் ரீல்களைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆர்டர் வந்தது என்னவோ உண்மை. அந்த நன்றியில்தான் ஜீவிதா ஒரு தப்புச் செய்தாள். நாத்தனார் சொல்வதை எல்லாம் நம்பினாள்.

"மதினி, எம் பையனுக்குக் காதுகுத்து வச்சாச்சு. அன்னைக்கும் உங்க கையால தச்சதுதான் போடணும். பழசுல இருந்துதான் தைக்கணும், ஆமா. நம்ம கொள்கையை விடக் கூடாது."

"உங்க மாமியாருக்குத் தெரியுமா பானு? மொட்டை போட்டுக் குளிப்பாட்டித் தாய்மாமன் மடியில உக்கார வைக்கிறப்பப் புதுத்துணிதான போடுவாக?"

"அத்தை ரொம்ப மாடர்ன் மதினி. அவுகளுக்கு இதெல்லாம் புரியும்."

அத்தை சுந்தரம்மாள் மாடர்ன் என்பதற்கு ஆதாரம், அவள் சீரியலை டிவியில் பார்க்காமல் போனில் பார்ப்பாள் என்பதுதான். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் குடும்பம். அந்த வீட்டில் எது எப்போது யாருக்குப் போக வேண்டும் என்பதைச் சுந்தரம்மாளின் இடுப்பில் இருக்கும் பீரோச் சாவிதான் முடிவு செய்யும். மகன் பழனிக்குமார், பானுப்ரியாவின் புருஷன், கடைக்குப் போவான், வருவான், கேட்டால் தலையாட்டுவான்.

ஜீவிதாவின் புருஷன் மணிமாறனுக்கு இதில் எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: தங்கச்சி பானுப்ரியாவின் மகன் தன் மடியில் உட்கார வேண்டும். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபோது பானுப்ரியா பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து, ஷிப்டு முடிந்து வந்து சோறாக்கி, அவளுக்குச் சடை பின்னக்கூடக் கற்றுக்கொண்டவன் மணிமாறன். இத்தனைக்கும் பிறகு தங்கச்சியிடம் அவன் கேட்டது அந்த ஒரு மடி உரிமையை மட்டும்தான். மில்லில் நின்று நின்று முட்டி மடங்காமல் போனதால், ஒரு மாதமாகவே சாயங்காலம் டிவி முன்னால் தரையில் சம்மணம் போட்டுப் பழகினான். "வலிக்குதா?" என்று ஜீவிதா கேட்டால், "இல்லையே, சும்மா காத்தாட உக்காந்திருக்கேன்" என்பான். அவனைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இந்த மடிக்குப் போட்டி வேறு இருந்தது. பெரியப்பா மகன் ஒச்சப்பன். பானுப்ரியா ரேஷன் அரிசி தின்று வளர்ந்த காலத்தில் இவன் எந்தத் திசையில் இருந்தான் என்று யாருக்கும் தெரியாது. தங்கச்சி பூக்கமிஷன் கடைக்கு வாழ்க்கைப்பட்டதும் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நானும் தாய்மாமன்தானே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஜீவிதா ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. பழசில் தைக்க வேண்டும், ஆனால் யாரும் உடுத்தியதாக இருக்கக் கூடாது. இரண்டுக்கும் பொருந்துகிற துணி எங்கே கிடைக்கும்? விசேஷ வீடுகளில் வைத்துக் கொடுக்கும் துணியில்தான். பீரோவைத் திறந்தாள். பால் காய்ச்சுக்குச் சுந்தரம்மாள் மணிமாறனுக்கென்று கொடுத்த அட்டைப்பெட்டி, கொடுத்த அன்று வைத்தபடியே இருந்தது. இளநீல நிறத்தில் காலர் வைத்த டி-ஷர்ட். கையோரத்தில் கருநீலக் கோடு. அளவைப் பார்த்தால் உள்ளே இரண்டு மணிமாறன்கள் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். யார் உடம்பையும் மனதில் நினைக்காமல் எடுத்த துணி என்பது பார்த்ததுமே தெரிந்தது.

விரித்தபோது அடிமடிப்பின் உட்பக்கம் வரிசையாக நாலு மஞ்சள் பொட்டுகள் இருந்தன. புதுத்துணியின் மூலையில் மஞ்சள் வைத்துக் கொடுப்பது ஊர் வழக்கம். வழக்கமாக ஒன்றுதான் வைப்பார்கள். சம்பந்தியம்மாவுக்கு மங்களத்தில் தாராளக் கை போலிருக்கிறது என்று ஜீவிதா நினைத்துக்கொண்டாள். துவைத்தால் துணி புதுசு இல்லாமல் போய்விடும் என்று துவைக்கவும் இல்லை. வழக்கம்போல அடிமடிப்பை அப்படியே விட்டு, மேலே வெட்டி, காலரைக் கழற்றிவிட்டு, மொட்டைத் தலையில் உரசாமல் போட வசதியாகத் தோளில் இரண்டு பித்தான் வைத்தாள். நெஞ்சில் 'மாமன் மடி' என்று வெள்ளை நூலில் எம்பிராய்டரி போட்டாள். மணிமாறன் இரவு ஷிப்டில் இருந்தான். கோயிலில் பார்த்து அசந்து போகட்டும் என்று அவன் கண்ணில் காட்டாமல் காக்கிக் காகிதத்தில் மடித்துச் சணல் கயிறு கட்டி, ஒரு வேப்பிலைக் கொத்தையும் செருகினாள். இந்தக் கட்டுக்காகவே சென்னைக்காரர்கள் அவளைக் கொண்டாடுவார்கள்.

குலதெய்வக் கோயில் ஆத்தூர்ப் பக்கம். வேனில் போய் இறங்கியதும் முதலில் வரவேற்றது ஒச்சப்பன்தான், பன்னிரண்டடி உயரத்தில். கூலிங்கிளாஸ் போட்டு, கைகூப்பி, 'தாய்மாமன்' என்ற எழுத்துகளுக்குக் கீழே ஃப்ளெக்ஸில் நின்றான். காது குத்திக்கொள்ள வேண்டிய பிள்ளையின் படம் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது.

மேளத்தோடு சீர்த்தட்டுகள் உள்ளே போயின. பிள்ளைக்கு மொட்டை போட்டுக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசினார்கள். மணிமாறன் விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு மாதப் பழக்கம் வீண்போகவில்லை, முட்டி மடங்கியது. மடியை இரண்டு தடவை தட்டிச் சரிசெய்தான். எதிரே ஆசாரி கம்பியும் கம்மலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பானுப்ரியா ஸ்டாண்டில் போனை மாட்டிக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுந்தரம்மாள் தட்டுகளைப் பார்வையிட்டு வந்தாள். மாதுளையை அழுத்திப் பார்த்தாள். வெள்ளி அரைஞாணைக் கையில் நிறுத்துப் பார்த்தாள். காக்கிப் பொட்டலத்தின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இது என்னத்தா, நாட்டு மருந்துக்கடைப் பொட்டலமா?"

"பிள்ளைக்குத் துணி அத்தை."

"அப்ப கடைப் பை எங்க?"

சீரில் துணியைவிடக் கடைப் பைக்கு மரியாதை அதிகம். சுந்தரம்மாள் கயிற்றை உருவிச் சட்டையை விரித்தாள். ஒரு நிமிடம் முகம் மலர்ந்ததைப் பொய் என்று சொல்ல முடியாது. "நல்லாத்தான் இருக்கு. எந்தக் கடையில எடுத்த?"

இந்த இடத்தில் ஏதாவது ஒரு கடைப் பேரைச் சொல்லிவிட்டு ஜீவிதா நகர்ந்திருக்கலாம். பெருமை யாரை விட்டது?

"நானே தச்சது அத்தை. பெரியாளு டி-ஷர்ட்டுல இருந்து."

சுந்தரம்மாளின் கை சட்டையைத் திருப்பியது. அடிமடிப்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஒரு துணிக்கு ஒரு பொட்டுதான வைப்பாக? இதுல நாலு இருக்கே! எத்தன வீட்டுல உடுத்தி அவுத்த பனியன் இது? காது குத்துற பிள்ளைக்குப் போட்டுக் கழிச்ச துணியையா கொண்டாந்திருக்கீக?"

மேளம் அடிப்பவர்கூடக் கையை நிறுத்திவிட்டார். ஜீவிதா பானுப்ரியாவைப் பார்த்தாள்.

"சொல்லு பானு. நீதான கேட்ட?"

பூமியைக் காப்பாற்றிய பானுப்ரியா போன் ஸ்டாண்டின் திருகாணியை மும்முரமாகத் திருகினாள். "நான் வீட்டுல போடச் சும்மா கேட்டேன் மதினி. விசேஷத்துக்கா கேட்டேன்?"

எங்கிருந்தோ முளைத்ததுபோல் ஒச்சப்பன் ஒரு பெரிய ஜவுளிக்கடைப் பையோடு வந்து நின்றான். பையில் கடைப் பேர் இருந்த பக்கத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்திருந்தான்.

"சங்கடப்படாதீங்க அத்தை. எதுக்கும் இருக்கட்டும்னு பட்டு வேட்டி சட்டை எடுத்தாந்தேன். நானும் மாமந்தான?"

"அப்பு மணி, செத்த எந்திரி" என்றாள் சுந்தரம்மாள். "குறையாச் செஞ்சா பிள்ளைக்கு ஆகாது. ஒச்சப்பன் உக்காரட்டும்."

மணிமாறன் கையைத் தரையில் ஊன்றி, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தட்டிச் சரிசெய்து வைத்திருந்த வேட்டி மடிப்புக் கலைந்து தொங்கியது. அதை மறுபடி சரிசெய்யத் தோன்றாமல் ஓரமாகப் போய் நின்றான். அவன் கோபப்பட்டிருந்தால் ஜீவிதா பொறுத்திருப்பாள். அப்படிப் பேசாமல் ஒதுங்கி நின்றதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"அத்தை, அந்தத் துணிய ஒரு நாள்கூட யாரும் உடுத்தல" என்றாள். "அது நீங்க குடுத்தது."

"நானா?"

"எங்க வீட்டுப் பால் காய்ச்சுக்கு இவருக்குன்னு பெட்டியில வச்சுக் குடுத்தீகளே, அதேதான். துவைக்கக்கூட இல்ல. பொட்டும் உங்க வீட்டுப் பொட்டுத்தான்."

சுந்தரம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பூ மார்க்கெட்டில் பேரம் பேசிப் பழகிய குடும்பம் அல்லவா, உடனே சுதாரித்துக்கொண்டாள்.

"நான் குடுத்தது புத்தம் புதுசு. ஒரு பொட்டுத்தான் வச்சேன். மிச்ச மூணும் எப்படி வந்துச்சுன்னு நீதான் சொல்லணும்."

இதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சண்முகவள்ளி வந்துவிட்டாள். சுந்தரம்மாளின் புருஷனுக்கு அக்கா. எந்த விசேஷ வீட்டிலும் எதையும் தன் கையில் வாங்கி இன்னொரு தடவை பார்க்காமல் விடமாட்டாள்.

"ஏத்தா சுந்தரம், அத இங்க குடு." கையோரக் கோட்டைத் தடவினாள். "இந்தக் கருநீலக் கோடு... இது பிள்ளைக்குப் பேர் வச்ச அன்னைக்கு நான் பழனிக்குமாருக்குக் குடுத்ததுல்ல? நான் குடுத்ததையா நீ சம்பந்தி வீட்டுக்குத் தள்ளிவிட்ட?"

"நீங்க குடுத்ததா?" சுந்தரம்மாளுக்கு ஆங்காரம் வந்துவிட்டது. வந்தால் வாய் முந்திக்கொள்ளும். "உங்க மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குன்னு நான்ல மதினி இதக் குடுத்தேன்! அதையவா எனக்கே திருப்பிக் குடுத்தீக?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. சண்முகவள்ளியும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பயன்? கோயில் முழுக்கச் சிரித்தது. மேளக்காரர் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு தட்டுத் தட்டினார். அங்கிருந்த ஒவ்வொருவர் வீட்டுப் பீரோவிலும் இப்படி ஊர் சுற்றும் பெட்டி ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்தது. ஆனாலும் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சுகத்தை யார் விடுவார்கள்?

ஜீவிதா மட்டும் கணக்குப் போட்டாள். தங்களுக்குக் கொடுக்கும்போது சுந்தரம்மாள் வைத்தது ஒன்று. அதற்கு முன் சண்முகவள்ளி வைத்தது ஒன்று. அதற்கும் முன் சுந்தரம்மாள் வைத்தது இன்னொன்று. எல்லாமே மோதிர விரல் நுனியால் ஒற்றிய சின்னப் பொட்டுகள். நாலாவது மட்டும் அகலமாக, அப்பினது போல இருந்தது.

"அப்ப இந்தப் பெரிய பொட்டு யாரு வச்சது?" என்று கேட்டே விட்டாள்.

ஓரமாக நின்ற மணிமாறன் வந்து சட்டையைக் கையில் வாங்கினான். கோட்டைப் பார்த்தான், பொட்டைப் பார்த்தான். தன் பெருவிரலை அதன் மேல் வைத்தான். விரல் பொட்டோடு சரியாகப் பொருந்தியது.

"இது நான் வச்சது" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.

"பானுவுக்குத் தலைதீவாளி. மாப்ளைக்கு நான் எடுத்தது. அளவு கேக்கக் கூச்சமா இருந்துச்சு. பத்தாமப் போயிறக் கூடாதுன்னு இருக்கிறதுலயே பெருசா எடுத்தேன். அப்ப நம்ம வீட்டுல பொம்பளையாளு இல்ல. எந்த வெரல்ல மஞ்ச வைக்கணும்னு தெரியல, பெருவெரல்ல வச்சுட்டேன்."

யாரிடமும் குறை சொல்கிற குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். பழனிக்குமார் தலையைக் குனிந்துகொண்டான். பானுப்ரியா ஸ்டாண்டை விட்டுவிட்டு வந்தாள். போன் தன் பாட்டுக்கு எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, அது இவருக்கு ரொம்பப் பெருசா இருந்துச்சு. அத்தைதான் உள்ள எடுத்து வச்சாக. அப்புறம் நான் கேக்கவே இல்லண்ணே..." என்று அழுதாள். ரீலில் அழுவதைவிட இது அசிங்கமாக இருந்தது. மூக்கெல்லாம் சிவந்துபோனது.

"சொல்லியிருந்தா மாத்தி எடுத்துக் குடுத்திருப்பேன்ல தாயி."

"இப்ப மாத்தித்தான் குடுத்திருக்கு" என்றாள் ஜீவிதா. குரலில் காரம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆசாரி தொண்டையைச் செருமினார். "நல்ல நேரம் முடியப் போகுதும்மா. இது புதுத்துணியா பழசா? பெரியவுக ஒரு முடிவாச் சொல்லுங்க."

எல்லாரும் சுந்தரம்மாளைப் பார்த்தார்கள். பழசு என்றால், சம்பந்திக்கும் நாத்தனாருக்கும் அவள் பழசைக் கொடுத்தவளாகிறாள். சண்முகவள்ளிக்கும் அதே கதி என்பதால் அவளும் சுந்தரம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புதுசுதான்" என்றாள் சுந்தரம்மாள்.

"பின்ன? இம்புட்டுக் காலமா ஒருத்தர் மேலயும் படாத துணி! இதவிடப் புதுசு திண்டுக்கல்லயே கிடைக்காதே" என்று சண்முகவள்ளி அழுத்தமாகத் தாளம் போட்டாள்.

ஒச்சப்பன் பட்டுவேட்டிப் பையோடு ஃப்ளெக்ஸ் பக்கம் போனான். அங்கே இருந்த ஒச்சப்பன் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

மணிமாறன் மறுபடி சம்மணம் போட்டான். இந்தத் தடவை முட்டி தகராறு செய்தது. ஜீவிதா தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பானுப்ரியா பிள்ளைக்குச் சட்டையைப் போட்டுவிட்டாள். தோள் பித்தான் உபயத்தில் மொட்டையில் பூசிய சந்தனம் கலையவில்லை. அளவு கச்சிதம். சுந்தரம்மாளே மஞ்சள் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். மணிமாறன் எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பெருவிரலைத் தோய்த்து, தன் பழைய பொட்டின் மேலேயே இன்னொரு தடவை வைத்தான்.

ஆசாரி கம்பியை ஏற்றினார். பிள்ளை கோயில் அதிர அலறினான். அலறிக்கொண்டே சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் வாரிப் பிடித்து, 'மாமன் மடி' என்ற எழுத்தின் மேலேயே கண்ணையும் மூக்கையும் அழுத்தித் துடைத்தான். கடையை விட்டு வந்த நாள் முதல் பெட்டியிலும் பீரோவிலும் மடிப்புக் குலையாமல் ஊர் சுற்றிய துணி, அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு மனிதனுக்கு உதவியது.

"ஐயோ, சளி! சட்டை போச்சு" என்று பானுப்ரியா கைக்குட்டையோடு குனிந்தாள்.

மணிமாறன் அவள் கையை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.

"விடு தாயி, தொடைக்கட்டும்" என்றான். "நல்லாத் தொடைச்சுக்கடா மாப்ள. மாமன் உனக்கு எடுத்ததுதான்."